ஒரே துணி, வேறு வீடு

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அதை எழுதமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிறோம், அடுப்பு எரிகிறது, அதற்குப் பேர் நலம் என்றால் நலம். போன தடவை நீ போனில் கேட்டபோது தம்பிக்குப் பயிற்சி நடக்கிறது, அதனால்தான் பேச முடியவில்லை என்று சொன்னேன். அது பொய். அவனை ராணுவச் சிறையில் போட்டிருக்கிறார்கள், இரண்டு வருஷம். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கோபப்படுவாய், கோபப்படு, உனக்கு இல்லாத உரிமையா. ஆனால் போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவர் காதில் விழும்படி இதைச் சொல்ல என்னால் ஆகாது. இப்போது அவர் பட்டனும் நூலும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார். கட்டிங் மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கட்டாய சேவைக்குச் சின்னவன் பேர் வந்ததும், லாரி ஓட்டத் தெரிந்தவன் என்பதால் தரைப்படையில் போக்குவரத்துக் கம்பெனியில் போட்டதும் உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் கடைக்கு ராணுவம் என்றால் துணிதானே. இத்தனை வருஷம் அவர்கள் சட்டையை இவர் தைத்து, காஜாவும் பட்டனும் சின்னங்களும் நான் வைத்து, அந்தக் கையால்தானே உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டோம். இரண்டு கோடு என்றால் பத்துப் பேரை மேய்க்கிறவன், மூன்று கோடு சார்ஜென்ட், அப்புறம் கோடு போய் நட்சத்திரம், ஒன்றும் இரண்டும் லெப்டினன்ட், மூன்று நட்சத்திரம் கேப்டன், அவர் கையில் ஒரு கம்பெனி, நட்சத்திரத்தோடு கேடயம் சேர்ந்தால் பட்டாலியனுக்குப் பெரியவர், அதற்கு மேலே கேடயமும் கூடும் மரியாதையும் கூடும். கடற்படைக்கு வெள்ளை, விமானப்படைக்குச் சாம்பல் நீலம், தரைப்படைக்கு இந்தப் பாழாய்ப்போன பச்சை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பா ஒப்பிப்பார். யாராவது ராணுவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "எனக்கா சொல்லித் தர்றீங்க, ஜெனரலோட தோள் அளவே என் டேப்புல இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். அளவு தெரிந்தால் ஆளைத் தெரியும் என்று நினைத்தோம். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

சின்னவன் சேர்ந்து நாலு மாதம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு நாள் சரக்கேற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கும்போது லாரி கவிழ்ந்துவிட்டது. இவன் மேல் தப்பில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள், பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் போய்விட்டான். இவனோடு ஒரே அறையில் கட்டில், ஒரே தட்டில் சாப்பாடு. இவன் மடியில்தான் போனானாம். மறுநாள் காலையில் வேறொரு லாரியின் சாவியைக் கையில் கொடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கி வைத்துவிட்டு, முள்வேலியைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டான். துணிச் சுருள்கள் அடுக்கியிருக்கும் அறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. குழந்தையில் அவனுக்கு ஜுரம் வந்தால் நீ நெற்றியில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாயே, அப்படி நானும் வைத்துப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டான். திரும்பிப் போடா என்று சொல்ல வாய் வரவில்லை, இங்கேயே இருடா என்று சொல்லவும் பயம்.

இரண்டாம் நாள் சாதாரணச் சட்டையில் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பேண்ட், உயரம் குறைக்க வேண்டும் என்றார். நான் டேப்பை எடுத்துக் குனிந்தேன், அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான் உங்க பையனோட கேப்டன்" என்றார். டேப்பை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நல்ல மனுஷன் அவர், முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே இருக்கிறானா என்று கேட்கக்கூட இல்லை, எங்களைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் இதற்குத்தான் இவ்வளவு ரகளையும். "அவன் ஓடிட்டான்னு நான் இன்னும் மேல அனுப்பல. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அவனா நடந்து வந்துட்டான்னா என் கம்பெனிக்குள்ளயே முடிச்சிருவேன். கொஞ்ச நாள் சமையல்கட்டுல பாத்திரம் தேய்ப்பான், லீவு கிடையாது, அவ்வளவுதான். லாரி வேணாம்னா பட்டறையில போடறேன். வெள்ளிக்கிழமை தாண்டிருச்சுன்னா என் கையில இல்லம்மா" என்றார். போகும்போது அந்தப் பேண்ட்டை விட்டுவிட்டுப் போனார். அது ஏற்கெனவே அளவான பேண்ட்தான், அப்பா பார்த்துச் சொன்னார்.

சின்னவனிடம் சொன்னோம். கேப்டன் சொன்னால் சரி, அவர் ஒரு தடவைகூடப் பசங்களிடம் பொய் சொன்னதில்லை, வெள்ளிக்கிழமை போகிறேன் என்றான். அன்றைக்குத்தான் தட்டில் கை வைத்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சுவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இன்றைக்கு அவன் எங்கோ எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

ராணுவப் போலீஸ் கர்னலை உனக்கு ஞாபகம் இருக்கும், காலரில் கஞ்சி கொஞ்சம் குறைந்தாலும் திருப்பி அனுப்புவாரே, நீகூட மொடமொட கர்னல் என்று பேர் வைத்தாய். அவருடைய கோட்டு ஒன்று தைத்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை அப்பா கோட்டை மடித்துக்கொண்டே யோசனையில் இருந்தார். கேப்டன் நல்லவர்தான், ஆனால் வெறும் மூன்று நட்சத்திரம். நாளைக்கு மேலே இருக்கிறவர்கள் ஏதாவது கேட்டால் அவர் சொன்ன வார்த்தை நிற்குமா. கர்னலுக்கு இரண்டு கேடயம். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் கேப்டனுக்கும் தைரியம், பையனுக்கும் பாதுகாப்பு. இப்படி அப்பாவின் கணக்கு. அதில் என்ன தப்பு என்று கேட்டால் அன்றைக்கு எனக்கும் சொல்லத் தெரியாது. இரண்டு பேர் சட்டையும் ஒரே சுருளில் வெட்டிய பச்சைத் துணி, ஒரே பட்டன், ஒரே நூல். கர்னலின் ஆட்களுக்கு இடது கையில் ஒரு வெள்ளைப் பட்டி கூட, அவ்வளவுதான் வித்தியாசம். நான்தான் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினேன்.

போய்விட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். கர்னல் உட்காரச் சொன்னாராம், டீ வரவழைத்தாராம், எந்தக் கம்பெனி, எந்த நாள் போனான், எப்போது திரும்பி வருகிறான் என்று பொறுமையாகக் கேட்டாராம். கடைசியில், நீங்கள் வந்து சொன்னது நல்லதாயிற்று என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். "மனுஷன்னா அவர் மனுஷன்" என்று அப்பா சொல்லச் சொல்ல எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நம் கதை தலைகீழ். பூசாரி வரத்தைக் கொடுத்துவிட்டார், நாமாகப் போய்ச் சாமியிடம் சொல்லிக் கெடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னவன் குளித்து, முகம் மழித்து, யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டான். கழுத்துப் பட்டன் தளர்ந்திருந்தது, போட்டபடியே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் நானும் கூடப் போனேன். முகாம் வாசலுக்கு எதிர்ப்புறமே நில் என்று என்னை நிறுத்திவிட்டான், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தான் என்று பசங்கள் கேலி செய்வார்களாம். சாலையைக் கடந்தான். வாசலை ஒட்டி ஒரு ஜீப் நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கி அவனிடம் ஏதோ கேட்டார்கள், இவன் தலையாட்டினான், ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். பச்சைச் சட்டை, அவன் கம்பெனி ஆட்கள்தான், அழைத்துப்போகக் கேப்டன் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கையை ஆட்டினேன். அவன் ஜீப்பிலிருந்து என்னைப் பார்த்தான், நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஜீப் உள்ளே போகாமல் சாலையில் திரும்பியபோதுதான் அவர்கள் கையில் இருந்த வெள்ளைப் பட்டியைப் பார்த்தேன். நான் தைத்த பட்டியாகவே இருக்கும். பெரியவளே, அந்தக் கையாட்டல் என்னைக் கொல்கிறது. மற்றதற்கெல்லாம் காரணம் சொல்லிவிடுவேன், அதற்கு என்ன சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது.

அதற்கப்புறம் நாங்கள் ஏறி இறங்காத வாசல் இல்லை. கம்பெனியில் கேட்டால் அவன் இப்போது எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள், கேப்டனைப் பார்க்க விடவில்லை. பட்டாலியனில் கேட்டால் பிடித்தவர்களைப் போய்க் கேளுங்கள் என்றார்கள். நம் தெரு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர், ராணுவத்து ஆள் தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால்கூட நாங்கள் தொட முடியாது, அவர்கள் போலீஸ் வேறு எங்கள் போலீஸ் வேறு என்று சொல்லிவிட்டார். ராணுவப் போலீஸ் வாசலிலோ, அப்பாவுக்கு அன்றைக்கு டீ கொடுத்த அதே கட்டடம், கர்னல் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அவர் வண்டி நின்றுகொண்டிருந்தது. சித்தி ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வந்து, எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா, உள்ளே இருந்தால் மூணு வேளையும் சோறு கிடைக்கும் என்றாள். அவளை என்ன செய்ய, காபி கொடுத்து அனுப்பினேன்.

மாடி வீட்டுக்காரர் முன்னே ராணுவ அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்தவர், அவரிடம் விசாரிப்போம் என்று கூப்பிட்டோம். வந்தார், எங்கள் மார்க்கிங் சாக்பீஸை எடுத்துக் கட்டிங் மேஜையிலேயே போட்டுக் காட்டினார். மூன்று கட்டம், தரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி, மூன்று தளபதிக்கும் மேலே அமைச்சகம். தரைப்படைக் கட்டத்துக்குள் படியாகக் கோடு இழுத்தார், செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், இப்படியே மேலே. ஒவ்வொரு படிக்கும் தன் கைக்குள் முடித்துக்கொள்ள ஓரளவு அதிகாரம் உண்டாம், ஒரு வார ஓட்டத்துக்குக் கேப்டன் போதுமாம். அப்புறம் மேஜையின் ஓரமாகத் தனியாக ஒரு கோடு, எந்தக் கட்டத்துக்குள்ளும் நுழையாமல் கீழே இருந்து நேராக அமைச்சகத்துக்கு. "இது ராணுவப் போலீஸ். தரைப்படைத் துணியதான் போடுவாங்க, தரைப்படை மெஸ்ஸுலதான் சாப்பிடுவாங்க. ஆனா தரைப்படைத் தளபதிக்கே பதில் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவரை எப்படிப் பிடிக்கிறது? அதனால இவங்க வேற வீடு. இவங்க காதுக்கு ஒரு விஷயம் போயிட்டா எழுதியே ஆகணும், எழுதலைன்னா அவங்க வேலை போயிடும். எழுதினது கீழ இறங்காது" என்றார். சொல்லிவிட்டு, யாரோ இவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை, யார் செய்த புண்ணியமோ என்றார். அப்பா அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடி வீட்டுக்காரர் போன பிறகு ஈரத்துணியால் அதைத் துடைத்தார், துடைத்துத் துடைத்து மேஜையின் வார்னிஷே போய்விட்டது. எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மனுஷன். ஆனால் இஸ்திரி போட்டுக் கொடுத்த கை என்னுடையது, எந்த வாயால் கேட்பேன்.

காவலில் இருந்தபோது ஒரே ஒரு தடவை பார்க்க விட்டார்கள், என்னை மட்டும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான், பெல்ட்டையும் ஷூ லேஸையும் எடுத்துவிட்டிருந்தார்கள், ஷூ வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. முதல் வார்த்தையே கேப்டனைப் பற்றித்தான். கேப்டன் ஆசை காட்டி வரவழைத்து வாசலிலேயே ஆளை நிறுத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்றான். அவனுக்கு வேறு எப்படித் தோன்றும், வருகிற நாள் தெரிந்தவர் அவர்தானே. "நானும் விடமாட்டேன்மா, வீட்டுக்குப் போய்ட்டு வான்னு அவர்தான் வாய்வார்த்தையா லீவு குடுத்தார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான். நான் ஏதாவது சொல்வேனா என்று முகத்தையே பார்த்தான். எனக்கென்னடா தெரியும் என்றேன். பக்கத்தில் வெள்ளைப் பட்டிக்காரன் நின்றுகொண்டிருந்தான், அதனால் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அப்பாதான் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்காகப் பேச ஒரு லெப்டினன்ட்டைப் போட்டார்கள், சின்ன வயசுப் பிள்ளை, மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. அவர் கடைக்கு வந்து விவரம் சொன்னார். கேப்டன் வாய்வார்த்தையாக லீவு கொடுத்தார் என்பது நின்றால் பையன் தப்பி ஓடியவன் இல்லை, சில மாதத்தோடு போய்விடும், ஆனால் கேப்டன் மாட்டுவார், அவருக்கு வேலையும் போய்ச் சிறையும் கிடைக்கும். நிற்கவில்லை என்றால் பையனுக்கு இரண்டு வருஷம், பொய் வாக்குமூலம் வேறு. கேப்டன் உங்கள் கடைக்கு வந்தாரா, வந்தால் என்ன சொன்னார், அதை உங்களைத்தான் கேட்பார்கள், வேறு சாட்சி இல்லை என்றார். அவர் போனதும் நான் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். வந்தார் என்று சொல்லுங்கள், நான் கொடுத்த லீவுதான், பையன் நிம்மதியாக இருக்கட்டும் என்றார் என்று சொல்லுங்கள். யாரோ பெற்ற பிள்ளை யாரோ பார்த்துக்கொள்வார்கள், நாம் பெற்றதை நாம் பார்ப்போம் என்றேன். என் வாயால்தான் பெரியவளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த மனுஷன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா, தெரிந்துதான் சொன்னேன். அப்பா சரி என்றார். உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி, பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றார்.

ராணுவ நீதிமன்றம் என்றதும் பெரிதாக நினைத்தேன், பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி ஒரு அறை, நீள மேஜை, மூன்று அதிகாரிகள், மூலையில் ஓடாத மின்விசிறி. வெளியே நடையில் எங்களைக் காக்க வைத்தார்கள், ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் கேப்டன் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவரைத்தான் நாம் இன்னும் சற்று நேரத்தில் குழியில் தள்ளப்போகிறோம், எனக்கு உட்கார முடியவில்லை, உட்கார்ந்தேன். அவர் அப்பாவிடம், பையனைப் பார்த்தீர்களா, சாப்பிடுகிறானா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இவன் எழுதிக் கொடுத்ததெல்லாம் அவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேப்டன் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் வரச் சொன்னது, லீவு என்ற பேச்சே இல்லாதது, எல்லாம். கேட்டதற்கு மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். கேட்காததையும் சொன்னார். கர்னலிடம் கோட்டு கொண்டுபோனதையும், தானே வாயைத் திறந்து சொன்னதையும், அந்தக் கேடயத்தை நம்பியதையும் சொன்னார். சொல்லும்போது அதிகாரிகளைப் பார்க்கவில்லை, சின்னவனைப் பார்த்துத்தான் சொன்னார். "கேப்டன் மேல தப்பில்லடா, நான்தான்டா" என்று அந்த அறையில் எல்லார் எதிரிலும் சொன்னார். சின்னவன் அப்பாவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், எனக்குத் தெரியுமா தெரியாதா என்று என் முகத்தில் தேடினான். நான் குனிந்துகொண்டேன். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இவனுக்கு இரண்டு வருஷம். கேப்டனுக்குச் சிறை இல்லை, ஆனால் ஓடியதை மேலே சொல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு அவர் கம்பெனியைப் பறித்து எங்கோ போர்வையும் பூட்ஸும் எண்ணும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மை பேசி யாருக்கு என்ன கிடைத்தது என்று நீ கேட்பாய். பொய் பேசியிருந்தால் நன்றாக இருந்திருப்பேனா என்றும் தெரியவில்லை. அப்பா செய்தது சரி என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் அந்தக் கத்தரிக்கோலைத் தூக்கி அவர் மேலேயே எறியலாம் போல இருக்கிறது. கர்னல் மேல் கோபப்படலாம் என்றால் அவரும் அவர் வேலையைத்தான் செய்தார் என்கிறார்கள். எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தார்கள், என் பிள்ளை உள்ளே போய்விட்டான். எனக்கு எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியவில்லை பெரியவளே. உன்னிடம் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், முடியவில்லை.

அப்பா வேலை செய்கிறார், சாப்பிடுகிறார். பச்சைத் துணியை மட்டும் தொடுவதில்லை. அது இல்லாமல் கடை எப்படி ஓடும், பள்ளிக்கூட யூனிபாரமும் திரைச்சீலையும் நான் கேட்டு வாங்கி வைக்கிறேன். ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு துணி அறையில் போய், அவன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே மேஜையில் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனோம். பஸ் மாறி மாறிப் போக வேண்டும், துவைத்த துணியும் ஒரு சோப்பும் கொண்டுபோனேன். வாசலில் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே இருக்கிறவன் ஒரே ஒருவர் பேரைத்தான் கொடுக்கலாமாம், அவர்தான் பார்க்க வரலாம், அவர் கடிதம்தான் உள்ளே போகும். எங்கள் பேர் இல்லை. உன் பேரைக் கொடுத்திருக்கிறான். அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள், வரமாட்டாள் என்று எடுத்துச் சொன்னார்களாம், தெரியும், அவள் பேரே இருக்கட்டும் என்றானாம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். துணிப் பையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், விதியில் இடமில்லை என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அப்பா உட்காரவில்லை, வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அதனால் நீதான் அவனுக்கு எழுத வேண்டும். உள்ளே போகிற கடிதத்தை வெள்ளைப் பட்டிக்காரர்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், கேப்டன் பேரும் வேண்டாம். அப்பாவுக்காகப் பரிந்து பேசாதே, எனக்காகவும் பேசாதே, பேசினால் உன்னையும் வெட்டிவிடுவான், அப்புறம் அவனுக்கென்று வெளியே ஒரு ஆளும் இருக்கமாட்டான். உன் வேலை, அங்கே பெய்கிற பனி, நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவர் உன்னைத் தினமும் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறாரே, அதையெல்லாம் எழுது. சிரிப்பு வந்தால் வரட்டும். இதைக் கேட்டுவிட்டு வேலையை உதறிவிட்டுக் கிளம்பி வந்துவிடாதே, வந்து நீ செய்யப்போவது ஒன்றும் இல்லை, இரண்டு பேர் அழுகிற வீட்டில் மூன்றாவதாக நீ அழுவாய். ஆட்களைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பைக் கொடுக்காதே, போன தடவையே குரலில் வலி தெரிந்தது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உன்மேல் இருக்கும். நீயாவது நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேண்டுதல் வேறு இல்லை. அவனிடமிருந்து உனக்குப் பதில் வந்தால் எனக்கு ஒரே ஒரு வரி எழுது, சாப்பிடுகிறானா என்று மட்டும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவர் பேர் எழுதி. அதில் தம்பி அப்பாவைக் கேட்டான் என்று எழுது. அவன் கேட்காவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா